கோபேயிலிருந்து தெரிந்த ஃபூஜி மலை

2025 செப்டெம்பர் 28, ஞாயிறு

இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் முன்னமே சொன்னவன். வேறு ஒருவரும் சொல்லவில்லை. நிரோஜாவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, நூடில்ஸைக் குச்சியால் எடுத்துச் சாப்பிட்ட அந்தக் கையைப் பார்த்து, "இந்தப் பிள்ளை கிழக்குப் பக்கம்தான் போகும்" என்று தங்கச்சி பாலாம்பிகையிடம் சொன்னனான். இப்போது கேட்டால் ஞாபகமில்லை என்கிறாள். அது என் பிழையல்ல.

யூஸ்கேயின் தாயும் தகப்பனும் வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறார்களாம். யூஸ்கே சென்ட்-ஆன் விவசாயக் கம்பஸில் நிரோஜாவோடு மண் ஆராய்ச்சி செய்கிற யப்பான் பொடியன். மூன்று வருசமாக இந்த வீட்டுக்கு வந்து போகிறான். இடியப்பத்தை எங்களை விடத் துப்புரவாகச் சாப்பிடுவான். நிரோஜாவைப் பார்த்துப் பழகி, தமிழும் எங்கள் மாதிரியே கதைக்கிறான். பெற்றோர் கலியாணம் பேசத்தான் வருகிறார்கள் என்று வாயால் ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் பாலா குசினிச் சுவருக்குப் பெயின்ற் வாங்கி வைத்திருக்கிறாள்.

மச்சான், பாலாவின் புருசன், காலமாகி ஆறு வருசம். பெண் வீட்டில் பெரிய ஆம்பிளை என்று இருப்பது கீழே பேஸ்மென்றில் இருக்கிற நான்தான். அதோடு மொன்றியலில் இந்த டொலார்ட் பக்கம் முழுவதிலும் யப்பானைத் தெரிந்த தமிழனும் நான்தான். கிரேக்கக் கப்பலில் வேலை செய்தபோது கோபே துறைமுகத்தில் இஞ்சின் பழுதாகி மூன்று மாதம் நின்றவன். அந்த ஆட்களின் போக்கு எனக்குத் தண்ணி பட்ட பாடு. யூஸ்கேயும் கோபே. அவன் வந்த முதல் நாளே அந்தக் கதையைச் சொன்னேன். வடிவாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "மாமா, இன்னுமொரு ரொட்டி இருக்கோ?" என்றான்.

"அண்ணை, நீங்கள்தான் கதைக்கவேணும்," என்று பாலா சொன்னாள். "எனக்கு இங்கிலிசும் ஓடாது, அவையின்ரை முறையும் தெரியாது."

"அதை என்னட்டை விடு."

நிரோஜா என்னைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள்.

செப்டெம்பர் 30, செவ்வாய்

இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. குசினிக்குப் பெயின்ற் அடித்தேன். சுவரில் பார்த்தால் நிறம் சரியில்லை என்று பாலா முணுமுணுக்கிறாள். யப்பான்காரருக்கு இந்த நிறம்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். பெயின்ற் வாளியை மூடி வைத்தாள்.

ஒக்டோபர் 1, புதன்

புவாண்ட்-கிளேரில் எங்கள் பண்டகசாலையில் நான் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறேன். சுப்பர்வைசர் மாதிரித்தான். மத்தியானம் கூட வேலை செய்கிற மரியதாசனிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"கோபேயோ? உன்ரை கப்பல் முந்தி யோகோஹாமாவில எல்லோ பழுதானது?"

"அது வேற பழுது."

"பேரின்பம், உண்மையைச் சொல்லு. நீ போனது கோபேக்கோ, யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க்கோ?"

சாப்பாட்டு மேசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சோற்றுப் பெட்டியை மூடிவிட்டேன். இவனுக்கு என்னவாம்? ஒரு மனிசன் ஒரு நாட்டுக்கு ஒரு தரம்தான் போகவேண்டுமா?

ஒக்டோபர் 4, சனி

வந்தார்கள். போனார்கள். நான் நன்றாகத்தான் நடத்தினேன் என்று நினைக்கிறேன்.

யூஸ்கேயின் தகப்பன் மொரிஷிதா ஐயா மெலிந்த மனிசன், தலைமயிர் முழுக்க வெள்ளை. மனைவி அவரை விடக் கட்டை, கண்ணாடி போட்ட சிரித்த முகம். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, குனிந்து, வெளியே போகிற பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். பக்கத்தில் எங்கள் செருப்புகள் கவிழ்ந்த வள்ளங்கள் மாதிரிக் கிடந்தன. நான் காலால் ஒதுக்கிவிட்டேன். வடிவான கடதாசியில் சுற்றிய இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் தந்தார்கள். பாலாவும் இரண்டு கையாலும் வாங்கினாள். நான் கண்ணைக் காட்டியபடியால்.

ஐயாவுக்குத் துறைமுக இங்கிலிஸ், எனக்குக் கப்பல் இங்கிலிஸ். பொருந்திப் போயிற்று. விக்கினால் யூஸ்கே கைகொடுத்தான். கணவாய்க் கறியை இரண்டு பேரும் கேட்டுச் சாப்பிட்டார்கள். அவர் கோபேயில் இழுவைப் படகு ஓட்டினவராம், பெரிய கப்பல்களை உள்ளே இழுத்துக் கட்டுகிற வேலை. "அப்பிடியெண்டால் எங்கடை கப்பலையும் நீங்கள்தான் இழுத்திருப்பியள்" என்றேன். "ஹை… இருக்கலாம்" என்றார்.

அவர்கள் ஒரு கதையை விட்டு இன்னொரு கதைக்குப் போகிற விதம் இருக்கிறதே, அதை நான் உடனே பிடித்துக்கொண்டேன். சட்டென்று தாவமாட்டார்கள். முதலில் இரண்டு பேருமாக அந்தக் கதையின் நுனியைத் தடவிப் பார்ப்பார்கள். ஒருவர் "ஸோ தெஸ் நே" என்பார், அதுதானே என்கிற மாதிரி. மற்றவரும் "ஸோ தெஸ் நே" என்பார். பிறகு கோப்பையைப் பார்ப்பார்கள். பிறகு ஒன்றும் இல்லை. சும்மா ஒரு வெளி. அதற்குப் பிறகுதான் அடுத்த கதை. அதையும் ஒரு கேள்வியாகத்தான், மெல்லமாக வைப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கதையும் முடிகிறதில்லை. மீன் விலையில் தொடங்கினால் ரொறொன்ரோ மச்சாளின் ஒப்பரேசன், அதிலிருந்து வீட்டுக்கூரை, அதிலிருந்து திரும்ப மீன். மூன்று பேர் நான்கு கதை ஒரே நேரத்தில் ஓடும்.

ஆகவே அந்த வெளி வந்த போதெல்லாம் நானே நிரப்பினேன். விருந்துக்கு வந்தவரைச் சும்மா இருக்கவிடுவது மரியாதையா? கோபேயைச் சொன்னேன். அவர் "ஹை… ஹை…" என்றார். எங்கள் ஆட்கள் கதை கேட்கும்போது ம் கொட்டுகிற மாதிரி. ம் கொட்டுகிற வரைக்கும் சொல்லவேண்டும், இடையில் நிறுத்தினால் கேட்கிறவரை அவமதித்த மாதிரி. நான் அப்படி வளர்ந்தவன். காலமை கப்பல் தட்டில் நின்று பல் தீட்டும்போது எதிரே ஃபூஜி மலை, உச்சியில் பனி, சூரியன் பட்டுச் சிவந்து கிடக்கும் என்று சொன்னேன். எனக்கே மயிர் கூச்செறிந்தது.

அந்த இடத்தில் மட்டும் ஹை வரவில்லை. பல்லுக்குள்ளால் மெல்ல மூச்சை இழுத்தார். மனைவி கோப்பைக்குள் பார்த்தார். யூஸ்கே தண்ணீர் குடித்தான்.

"இந்த நாட்டு மேப்பிள் இலை மிகவும் அழகு," என்றார் ஐயா.

இன்னொன்று. சாப்பிட்டு முடிந்ததும் அவர் கோப்பையைத் தள்ளி வைத்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவியும் அப்படியே. முதுகு நோகிறதாக்கும் என்று நினைத்து, கோபேயில் முதுகு நோவுக்கு நான் வாங்கின எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரத்தால் திரும்பவும் அதே மாதிரி இருந்தார். எண்ணெயின் மிச்சக் கதையையும் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு பாலா கோப்பைகளைக் கழுவாமல் நின்றாள்.

"அண்ணை, கலியாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் விடேல்லையே."

"முதல் நாளே கேப்பினமோ? அது அவையின்ரை முறை. எனக்குத் தெரியாதே?"

ஒக்டோபர் 5, ஞாயிறு

அந்த மனிசன் ஏன் மேப்பிள் இலைக்குப் போனார்?

ஒக்டோபர் 7, செவ்வாய்

சென்ட்-ஆனில் யூஸ்கேயின் அறையில் தேநீர். பாலாவையும் நிரோஜாவையும் நான்தான் காரில் கொண்டுபோனேன். ஐயா திரும்பவும் முழங்காலில் கையை ஊன்றி நிமிர்ந்தார். "இன்றைக்கு…" என்று தொடங்கினார். சனிக்கிழமை ஃபூஜி மலை அவருக்குச் சரியாக விளங்கவில்லையோ என்று எனக்கு ஒரே குடைச்சல். ஆகவே அதைத் திரும்ப எடுத்து, இந்த முறை இன்னும் விளக்கமாக, மலையின் நிழல் தண்ணீரில் விழுந்ததையும் சேர்த்துச் சொன்னேன். "ஹை" என்றார். ஒரே ஒரு ஹை. பிறகு அந்த அம்மா பாலாவிடம், இங்கே எந்த மாதம் பனி கொட்டத் தொடங்கும் என்று கேட்டார்.

திரும்பி வரும்போது காரில் பாலா அழுதாள். "அவைக்கு எங்களைப் பிடிக்கேல்லை அண்ணை. வந்து பாத்துப்போட்டுப் பேசாமல் போகப்போகினம். பிள்ளை மூண்டு வருசம் காத்திருந்தது இதுக்கே?"

நிரோஜா பின் சீற்றில் யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். நான் ரேடியோவைப் போட்டேன். பிரெஞ்சில் யாரோ காலநிலை சொன்னார்கள். நிறுத்தினேன். திரும்பப் போட்டேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

எழுத்து இன்றைக்குக் கோணும். எழுதவேண்டும்.

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றவில்லை, நிரோஜா பேஸ்மென்ற் படியில் வந்து இருந்தாள்.

"மாமா, ஞாயிற்றுக்கிழமை யூஸ்கே ஆக்கள் வாற சாப்பாட்டுக்கு நீங்கள் மேல வரவேண்டாம்."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

"பொம்பிளை வீட்டுப் பெரியவன் இல்லாமல் என்ன சாப்பாடு?"

"பெரியவர் இருந்து செய்த வேலை காணும். யூஸ்கேன்ரை அப்பா என்ன நினைக்கிறார் தெரியுமோ? எங்கடை வீட்டுக்கு இந்தக் கலியாணத்தில விருப்பமில்லை எண்டு. அவர் நிமிந்து இருந்து கதையைத் தொடங்கேக்கை எல்லாம் நீங்கள் கோபேக்குப் போறியள். ஒருக்கா எண்டால் பறவாயில்லை. மூண்டு தரம். ஒரு பெரியவர் திரும்பத் திரும்பப் பழைய கதைக்கே போனால், உந்தப் புதுக் கதையை எடுக்காதேங்கோ எண்டு சொல்லுறார் எண்டுதான் அவை எடுப்பினம். அதாலை மரியாதையா விட்டிட்டார். செவ்வாய்க்கிழமை பிளேன் ஏறப்போகினம்."

முழங்காலில் கை ஊன்றியது முதுகு நோவுக்கு இல்லை. கலியாணம் கேட்க.

"நான் மரியாதைக்குத்தானே பிள்ளை கதை குடுத்தனான். அவரும் ஹை ஹை எண்டு கேட்டவர்."

"அது 'சொல்லுங்கோ சொல்லுங்கோ' இல்லை மாமா. 'விளங்கீட்டுது, இனி முடிப்பம்' எண்டுறதையும் அப்பிடித்தான் சொல்லுவினம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். அது கத்தினதை விட மோசம். "கோபேயில நிண்டால் ஃபூஜி தெரியாது. மொன்றியலில நிண்டு ரொறொன்ரோக் கோபுரத்தைக் கண்டனான் எண்ட மாதிரி. அந்தத் துறைமுகத்திலையே கிடந்த மனிசன் அவர். நீங்கள் மலை எண்டு தொடங்கின உடனை ஏன் இலைக்குப் போனவர்? மேசையில இருக்கிற ஆரும் உங்களை ஒரு கேள்வி கேட்டிடக் கூடாது எண்டு. யூஸ்கேயும் மூண்டு வருசமா அதைத்தான் செய்யிறான்."

எழும்பிப் போய்விட்டாள்.

மூன்று வருசமாக ரொட்டி கேட்டது அதற்காகவா? நான் இவனுக்கு எங்கள் ரொட்டி என்றால் உயிர் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

யோகோஹாமாவில் நின்றால் ஃபூஜி தெரியும். அது எனக்குத் தெரியும். யூஸ்கே வந்த நாள் அவன் கோபே என்றதும் நானும் கோபே என்றேன், ஒரு ஒட்டுறவுக்காக. துறைமுகத்தை மாற்றினேன், மலையை மாற்ற மறந்துபோனேன்.

மாற்றினேன் என்று எழுதிவிட்டேன். சரி. கிடக்கட்டும்.

ஒக்டோபர் 10, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. சன் ரெஜி வீதியில் முருகன் கோயிலுக்குப் போனேன், உள்ளே போகாமல் கார்த் தரிப்பிடத்தில் இருந்தேன். டோனட் கடைக்குப் போய்க் கோப்பி வாங்கினேன், குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தேன், பாலா மேலே நடக்கிற சத்தம் கேட்டது, திரும்ப வெளியே போனேன். என்னால் ஒரு பிள்ளையின் கலியாணம் நிற்பதா? ஓ.எல். வகுப்பு வரைக்கும் படித்தவன் நான். சோதனை எடுக்கவில்லை, அது வேறு. எனக்கு ஒரு மனிசரோடு கதைக்கத் தெரியவில்லையா?

கடைசியில் யூஸ்கேக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, உங்கடை ஆக்கள் ஒரு கதையை எப்பிடி நிப்பாட்டுறவை?"

"ஒராள் நிப்பாட்டுறேல்லை மாமா. ரெண்டு பேருமா விடுவம். பேந்து வெயிற் பண்ணுவம்."

"பேந்து ஆர் தொடங்குறது?"

"சொல்ல வேண்டியது ஆரிட்டை இருக்கோ அவர்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது?"

அவன் யோசித்தான். "தண்ணி இருந்தால் தண்ணியைப் பாருங்கோ மாமா. அப்பாவுக்குத் தண்ணி பாக்கப் பிடிக்கும்."

நாளைக்கு அவரைச் சென்ட்-ஆன் லொக்குக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். தகப்பனிடம் கேட்டுச் சொன்னான். சந்தோஷமாம்.

நிரோஜாவுக்குச் சொல்லவேண்டாம் என்றேன். சொல்லுவான். சொல்லட்டும்.

ஒக்டோபர் 11, சனி

இந்த நாளை நான் மறக்கக் கூடாது. அதனால் விபரமாக எழுதுகிறேன்.

லொக் என்பது படகுகளை ஏற்றி இறக்குகிற தண்ணீர்த் தொட்டி. ஒரு பக்கத்து ஏரி உயரம், மற்றப் பக்கம் பள்ளம். படகு தொட்டிக்குள் வந்ததும் பின் கதவைச் சாத்தித் தண்ணீரை மெல்ல வடிய விடுவார்கள். வடிந்து மட்டமானதும் முன் கதவு திறக்கும். மட்டமாகாமல் யார் தள்ளினாலும் திறக்காது. இந்தக் கிழமையோடு பனிக்காலத்துக்குப் பூட்டிவிடுவார்கள், கடைசிப் படகுகள் போய்க்கொண்டிருந்தன.

மொரிஷிதா ஐயாவும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். குளிர் காற்று. அவர் கயிறு கட்டுகிற ஆட்களின் கையையே பார்த்தார். "நல்ல முடிச்சு," என்றார். "ஓம், நல்ல முடிச்சு" என்றேன். "ஸோ தெஸ் நே" என்றார். நானும் "ஸோ தெஸ் நே" என்றேன். பிறகு அந்த வெளி வந்தது.

அது என்ன பாடு. நாக்கு வாய்க்குள் மீன் மாதிரித் துடித்தது. ஒரு வெள்ளைப் படகு உள்ளே வந்து, கதவு சாத்தி, தண்ணீர் வடியத் தொடங்கியது. நான் தண்ணீரைப் பார்த்தேன். படகில் நின்ற நாய் என்னைப் பார்த்தது.

பிறகு நான் நிமிர்ந்து நின்றேன். சொன்னேன்.

"மொரிஷிதா-சான், நான் கோபேக்கு வந்ததே இல்லை. யோகோஹாமாவுக்கும் இல்லை. எங்கடை கப்பல் சிங்கப்பூரோடை திரும்பீட்டுது. அந்த மலையை நான் கலண்டரிலதான் கண்டனான்."

அவர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கி இருந்தது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். "உண்மை சொல்கிற மனிதரின் குடும்பத்தில் சம்பந்தம் செய்வது எனக்குப் பெருமை," என்றார். சொல்லிவிட்டு நன்றாகக் குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். படகில் இருந்தவர்கள் கூடப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அவராகவே கலியாணக் கதையை எடுத்தார். "ஜூன் மாதம் இங்கே வெக்கையா?" என்று கேட்டார்.

நல்ல வெக்கை என்றேன். கலியாணத்துக்கு ஏற்ற வெக்கை என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பாலா அந்த வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். நிரோஜா வாசலில் நின்றாள்.

"நீங்களாச் சொன்னீங்களோ மாமா? பொய் எண்டு, உங்கடை வாயால?"

"சொன்னன்."

சின்னப் பிள்ளையில் செய்கிற மாதிரி என் தோளில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியும், நீங்கள் பெரிய ஆள்," என்றாள். பிறகு, "நாளைக்கு மேல வாங்கோ," என்றாள்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

ஐயா முழங்காலில் கையை ஊன்றி நிமிர்ந்தார். நான் ஒரு முழு வடையை வாய்க்குள் வைத்துக்கொண்டேன், காவலுக்கு.

மெல்ல மெல்லச் சொன்னார், யூஸ்கே தமிழில் சொன்னான். தங்கள் மகனை இந்த வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். நிரோஜாவைத் தாங்கள் அப்படி ஏற்றுக்கொள்வது பெரிய சந்தோஷம் என்றார். இரண்டு பேரும் குனிந்தார்கள். பாலாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, எழும்பி அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள், பிறகு உடனே, "இன்னுங் கொஞ்சம் பாயாசம் விடட்டோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தாவினது ஒருவருக்கும் பிழையாகப் படவில்லை.

போகிற நேரம் வாசலில் நிரோஜா ஐயாவிடம் இங்கிலிசில் சொன்னாள், நேற்று மாமா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி என்று. அவர் சப்பாத்துப் போட்டபடி என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"ஹை," என்றார். "ஸோ தெஸ் நே."

பிறகு, "நாளைக்கு மழை வருமா?" என்று கேட்டார்.

வரும் என்றேன், வானத்தைப் பாராமலே.

ஒக்டோபர் 14, செவ்வாய்

விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். வழி முழுக்க அவரும் நானும் பேசவில்லை. பழகினால் அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து மரியதாசனுக்குப் போன் எடுத்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நீயோ? உண்மை சொன்னியோ?" என்றான். "உன்ரை வாயிலயிருந்து இதைக் கேக்க நான் இருந்திருக்கிறன் பார்."

அவனாவது சிரித்திருக்கலாம்.

2026 ஜூன் 14, ஞாயிறு

நேற்றுக் கலியாணம். சன் ரெஜி முருகன் கோயில் கொள்ளாத சனம். வெக்கையும் நான் சொன்ன மாதிரியே. மாமன் என்று முன்னுக்கு நின்றதெல்லாம் நான். யூஸ்கே பட்டு வேட்டியில் வடிவாக இருந்தான். மொரிஷிதா அம்மா சேலை உடுத்து வந்தார், பாலா ஊசி குத்திவிட்டாள். இப்போது இரண்டு பேரும் சேர்ந்தால் ஐந்து கதை ஒரே நேரத்தில் ஓடுகிறது, ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது, அதுபற்றிக் கவலையுமில்லை. எல்லாம் நான் சொன்னபடிதான் வந்தது என்று வந்தவர்களுக்குச் சொன்னேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது. நேற்றிலிருந்து அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். எழுதாவிட்டால் இருக்க விடாது.

சாப்பாட்டு மண்டபத்தில் ஐயா தன் தமையனைக் கூட்டி வந்தார். கோபேயிலிருந்து வந்தவர், இவரை விடக் கிழவர். என்னைக் காட்டி ஐயா இங்கிலிசில் சொன்னார், நானும் விளங்கிக்கொள்ளட்டும் என்றுதான் போல:

"இவர் நிரோஜாவின் மாமா. முந்திக் கோபேயில் மூன்று மாதம் இருந்தவர்."

தமையனுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. கோபேயில் எந்தப் பக்கம், எந்த வருசம் என்று கேட்கத் தொடங்கினார். நான் வாயைத் திறக்க முதல் ஐயா அவர் முழங்கையைத் தொட்டார். "அண்ணா, இந்த வடையைச் சாப்பிட்டுப் பாருங்கள்," என்றார்.

மணவறைச் சேலையோடு நிரோஜா பக்கத்தில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் உண்மை சொன்னேன் என்றுதானே என் தோளில் தலையை வைத்தாள்? உண்மை தெரிந்த மனிசன் ஏன் இன்னும் கோபே என்று சொல்லவேண்டும்? அது அவள் முகத்தில் ஓடினதை நான் கண்டேன். ஐயாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

நான் காத்திருந்தேன். பார்க்கத் தண்ணீர் ஒன்றும் இருக்கவில்லை. என் காலைப் பார்த்தேன்.

"மாமா," என்றாள், "வேட்டி நழுவுது. இழுத்துக் கட்டுங்கோ."

சொல்லிவிட்டு விருந்தாளிகளிடம் போய்விட்டாள்.

லொக்கில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சிங்கப்பூரோடு கப்பல் திரும்பினது மட்டும்தான் அதில் மெய், அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அந்த வெளி தாங்காமல் "கோபே…" என்று தொடங்கினேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினேனா, மலையைத் திரும்ப எடுக்கத் தொடங்கினேனா, அது எனக்கே இன்றைக்கும் தெரியாது. ஒருவரின் பேச்சையும் இடையில் வெட்டாத மனிசன், அந்த ஒரு தரம் மட்டும் என்னை முடிக்க விடவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி, ஜூன் மாதம் இங்கே வெக்கையா என்று கேட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. மிச்சம் நான் போட்டது.